பனி இருந்தா மட்டும் போதுமா? - ஐஸ் ஹாக்கியில் ஒரு கடைசி பெஞ்ச் போட்டியின் கதை

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் யாரிடமாவது "ஐஸ்" என்று சொல்லிப் பாருங்கள். காஷ்மீரும் ஞாபகம் வராது, குச்சி ஐஸும் ஞாபகம் வராது. ஐஸ் கம்பெனிதான் ஞாபகம் வரும். விசைப்படகு கடலுக்குப் போகிற அன்னைக்கு லாரியில் வந்து இறங்கும் ஐஸ் பார், அதை உடைக்கிற மெஷின் சத்தம், பெட்டியில் ஒரு வரிசை மீன் ஒரு வரிசை ஐஸ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஐஸ் கம்பெனி வாசலில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கி வரலாறு எழுதுகிறேன் என்றால் "உனக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சா"ன்னுதான் கேட்பீங்க. கேளுங்க, தப்பில்லை. ஆனால் இந்தப் பதிவை முடிக்கும்போது, இமயமலைப் பனியைவிட நம்ம ஊர் ஐஸ் கம்பெனிதான் இந்த ஆட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று நீங்களே சொல்வீங்க.

நான் எழுதப் போவது ஒலிம்பிக் பற்றியோ, அமெரிக்கா-கனடாவின் பெரிய லீகான என்.எச்.எல். பற்றியோ இல்லை. அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. ஆசியாவில் "சேலஞ்ச் கப் ஆஃப் ஏசியா" என்று ஒரு போட்டி நடந்தது. உலகச் சாம்பியன்ஷிப்பில் தலைகாட்டும் அளவுக்கு வளராத நாடுகளுக்காக, சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 2008ல் ஆரம்பித்துவைத்த போட்டி. நம்ம பள்ளிக்கூட பாஷையில் சொன்னால் கடைசி பெஞ்ச் பசங்களுக்குள் நடக்கிற போட்டி. அந்தக் கடைசி பெஞ்ச்சிலும் கடைசியில் போய் உட்கார்ந்த நாடு இந்தியா. அது ஏன் என்பதுதான் விஷயம்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு பத்தி

ஒரு பக்கத்துக்கு கோலியோடு சேர்த்து 6 பேர். 20 நிமிஷம் வீதம் 3 பகுதி. பந்து கிடையாது. அதற்குப் பதில் "பக்" என்று ஒரு கெட்டி ரப்பர் வட்டு, கிட்டத்தட்ட 7.6 சென்டிமீட்டர் அகலம், 2.5 சென்டிமீட்டர் தடிமன். காலில் ஸ்கேட்ஸ். முழு வேகத்தில் ஓடுவதால் ஒருத்தர் தொடர்ந்து ஒரு நிமிஷம் ஆடினாலே நாக்கு தள்ளிவிடும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாறிக்கொண்டே இருப்பாங்க. சுற்றிலும் பலகைச் சுவர். பக் அதில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. கேரம் போர்டு மாதிரி அந்தச் சுவரைப் பயன்படுத்தத் தெரிந்தவன்தான் நல்ல ஆட்டக்காரன். இந்தச் சுவர் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

மீனுக்கும் ஐஸ், ஆட்டத்துக்கும் ஐஸ்

ஆரம்பத்தில் இது முழுக்க முழுக்க இயற்கைப் பனியில் ஆடின ஆட்டம். உறைந்த ஏரி, உறைந்த குளம். 1875 மார்ச் 3ம் தேதி கனடாவின் மான்ட்ரியல் நகரில் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க் என்ற கட்டடத்துக்குள் நடந்த ஆட்டத்தைத்தான் முதல் உள்ளரங்க ஐஸ் ஹாக்கி என்று பதிவு செய்திருக்காங்க. கூரை இருந்தது, ஆனால் ஐஸ் குளிர்காலம் தந்ததுதான்.

அதற்கு அடுத்த வருஷம், 1876ல், லண்டன் செல்சியில் ஜான் கேம்ஜி என்பவர் "கிளேசியேரியம்" என்ற ரிங்க்கைத் திறந்தார். இயந்திரத்தால் உறையவைத்த முதல் ஸ்கேட்டிங் ரிங்க் அதுதான். இந்த கேம்ஜி விளையாட்டு வீரரே கிடையாது. கால்நடை மருத்துவர். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இறைச்சியைக் கெடாமல் கப்பலில் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தவர். அந்தத் தேடலில் கிடைத்த நுட்பத்தைத் தரையில் விரித்தார், ஸ்கேட்டிங் ரிங்க் ஆகிவிட்டது. ஆக, செயற்கை ரிங்க் என்பதே கறியும் மீனும் கெடாமல் வைக்கிற தொழிலுக்குப் பிறந்த பிள்ளை. நம்ம துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் பங்காளி முறை ஆகுது :-)

வேலை செய்கிற விதமும் அதேதான். ஐஸ் கம்பெனியில் அமோனியா கம்ப்ரஸர் உப்புத் தண்ணீரைக் குளிரவைக்கும். உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போயும் தண்ணீராகவே இருக்கும். அந்தத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பின தகர அச்சை இறக்கினால் பார் தயார். ரிங்க்கில் அதே குளிர்ந்த உப்புத் தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் குழாய்களில் ஓடும். மேலே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஏடு ஏடாக உறையவைப்பாங்க. தொட்டியை நிமிர்த்தி வைத்தால் ஐஸ் கம்பெனி, படுக்கப் போட்டால் ரிங்க். அவ்வளவுதான் வித்தியாசம்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சர்வதேச ரிங்க் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 3 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஐஸ் என்றால் 54 கன மீட்டர். எடை சுமார் 50 டன். ஒரு பார் 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1000 பார். படகுகள் கிளம்புகிற நாளில் நம்ம துறைமுகங்களுக்கு 1000 பார் ஒரு பெரிய கணக்கே இல்லை. ஒரு தடவை உறையவைப்பது கஷ்டம் இல்லை என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கணக்கு. கஷ்டம் அதை உருகாமல் வருஷம் பூராவும் வைத்திருப்பது. கரண்ட் பில்தான் எதிரி.

இன்னொரு கொசுறு. இந்த இயந்திரங்கள் வருவதற்கு முன்னால் நம்ம நாட்டுக்கு ஐஸே அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றினார் ஃப்ரெடரிக் டியூடர். 1833ல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றியதில் 100 டன் அளவுக்கு உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842ல் கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். 1897 ஜனவரி 26ல் நம்ம பாம்பன் கரையில் இறங்கி, பாஸ்கர சேதுபதியின் வரவேற்பை ஏற்றுக்கொண்ட விவேகானந்தர், அடுத்த மாசம் சென்னையில் ஒன்பது நாள் தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். அதற்குள் ஐஸ் வியாபாரம் படுத்து, கட்டடம் கைமாறி வீடாகிவிட்டது. இயந்திரம் வந்ததும் ஏரி ஐஸுக்கு மவுசு போய்விட்டது. இதே கதைதான் ஐஸ் ஹாக்கியிலும் நடந்தது.

லடாக்: பனி இருக்கு, நாள் இல்லை

சரி, இந்தியாவுக்கு வருவோம். சிம்லாவில் 1920லேயே ஒரு ரிங்க் வந்துவிட்டது. பிளெஸ்ஸிங்டன் என்ற வெள்ளைக்காரர் ஆரம்பித்தது. திறந்தவெளியில், ராத்திரிக் குளிரில் தண்ணீர் தெளித்து உறையவைக்கிற ரிங்க். வானம் தெளிவாக இருந்தால் மறுநாள் ஸ்கேட்டிங் உண்டு. மேகம் வந்தால் கிடையாது.

ஆனால் ஐஸ் ஹாக்கி மக்கள் விளையாட்டாக வேர் பிடித்த இடம் லடாக். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரம். அங்கே இதைப் பரப்பியது ராணுவம். குளிர்காலத்தில் சாலை மூடிவிடும், வேலை குறைவு, குளம் உறைந்து கிடக்கும். பொழுது போக வேண்டாமா? முதல் தலைமுறை ஆட்டக்காரர்கள் ராணுவ பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட்ஸ் செய்துகொண்டதாகச் சொல்வார்கள். லே நகரத்து கர்ஸூ குளம்தான் பல வருஷம் அவங்க சேப்பாக்கம். வீட்டுக்கூரைகளிலும் மேட்டிலும் உட்கார்ந்து ஊரே வேடிக்கை பார்க்கும்.

இந்தியா 1989 ஏப்ரலில் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பினர் ஆனது. தேசியப் போட்டிகள் நடந்தன. லடாக் ஸ்கௌட்ஸ், ராணுவ அணி, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை என்று சீருடை அணிகளின் ஆதிக்கம்தான். காரணம் சிம்பிள். ஸ்கேட்ஸ், ஹெல்மெட், கோலியின் கவசம் எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. சம்பளமும் உபகரணமும் யார் கையில் இருக்கோ அவங்கதான் ஆட முடியும்.

இதில் பெரிய சிக்கல் காலம். நல்ல ஐஸ் கிடைப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மொத்தமாக ரெண்டு மாசம் என்று வச்சுக்கோங்க. அதற்குள் பயிற்சி, உள்ளூர்ப் போட்டி, தேசியப் போட்டி எல்லாம் முடிந்தாக வேண்டும். மீதி பத்து மாசம் ஸ்கேட்ஸ் பரணில். நம்ம பக்கம் வருஷத்தில் 61 நாள் கடலுக்குப் போகக்கூடாது என்றாலே எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். அவங்களுக்கு அப்படியே தலைகீழ்: வருஷத்தில் அறுபது நாள் மட்டும்தான் கடலுக்குப் போகலாம் என்கிற மாதிரி.

2008: கடைசி பெஞ்ச் போட்டி ஆரம்பம்

ஐஸ் ஹாக்கியின் உலகச் சாம்பியன்ஷிப் ஒரு ஏணி மாதிரி. உச்சியில் 16 நாடுகள். கீழே டிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. 2000களில் அந்த ஏணியின் கடைசிப் படியில்கூடக் கால் வைக்க முடியாத நாடுகள் ஆசியாவில் நிறைய இருந்தன. அவங்களுக்காக 2008ல் ஹாங்காங்கில் முதல் சேலஞ்ச் கப் நடந்தது. "சீன தைபே" என்ற பெயரில் ஆடும் தைவான் ஜெயித்தது. அடுத்த வருஷம் அபுதாபியில். அங்கே ஐக்கிய அரபு அமீரகம் கோப்பையைத் தட்டிச் சென்றது.

கவனிச்சீங்களா? தைவான், ஹாங்காங், அமீரகம், மக்காவ், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, குவைத். இந்தப் போட்டியில் மாறி மாறி ஆடினவர்களில் பெரும்பாலோர் வேர்த்து விறுவிறுக்கிற ஊர்க்காரர்கள். நம்ம மாவட்டத்துக்காரர் கல்ஃபில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்தால் "அங்க வெயிலுக்கு நம்ம ஊர் எவ்வளவோ தேவலை" என்பார். அந்தப் பாலைவனக்காரர்கள்தான் சாம்பியன்!

2009 அபுதாபி போட்டியில்தான் இந்திய ஆண்கள் அணி முதல்முறையாக சர்வதேச ஆட்டம் ஆடியது. குளத்து ஐஸில் பழகிய பசங்க. கண்ணாடி மாதிரி வழவழவென்ற செயற்கை ஐஸ் அவங்களுக்குப் புதுசு. சுற்றிலும் உயரமான பலகைச் சுவர் புதுசு. குளத்தில் பல இடங்களில் ஓரத்துக்கு ஒரு சின்னப் பலகையோ, குவித்த பனியோதான் இருக்கும். சுவரில் பட்டு பக் எந்தக் கோணத்தில் திரும்பும் என்று கை கால் தானாகக் கணக்குப் போட வருஷக்கணக்கில் பழகணும். ரெண்டு மாசக் குளத்தில் அது வராது. அனுபவம்தான் லாபம் என்று திரும்பினார்கள்.

மாலில் வளர்ந்த சாம்பியன்கள்

அந்தச் சூடான நாடுகள் எப்படி ஜெயித்தன? பதில் ஷாப்பிங் மாலில் இருக்கு.

பிலிப்பைன்ஸை எடுத்துக்குவோம். மணிலாவில் எஸ்.எம். மெகாமாலில் 1990களின் ஆரம்பத்திலேயே ரிங்க் வந்தது. கூட்டம் இழுக்கத்தான், விளையாட்டை வளர்க்க இல்லை. ஆனால் ஐஸ் வருஷம் பூராவும் இருந்தது. பகலில் டிக்கெட் வாங்கிச் சுற்றுகிற கூட்டம் போன பிறகு, ராத்திரியில் ஹாக்கி ஆசைக்காரர்கள் ரிங்க்கை வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர், உள்ளூர்ப் பையன், கல்லூரி மாணவர் எல்லாம் கலந்த சின்னச் சின்ன லீக். பிலிப்பைன்ஸ் சர்வதேச கூட்டமைப்பில் சேர்ந்தது 2016ல். அதற்கு அடுத்த வருஷம் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல்முறையாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டது. தங்கம் யாருக்கு? இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தை 5-0 என்று தோற்கடித்து பிலிப்பைன்ஸுக்கு. பனி என்பதை சினிமாவில் மட்டும் பார்த்த தேசம்.

அமீரகத்திலும் இதே கதை. அபுதாபி, அல் ஐன், துபாய் ரிங்க்குகள். வேலைக்கு வந்த கனடாக்காரர்களும் ரஷ்யர்களும் உள்ளூர் அரபுப் பையன்களோடு சேர்ந்து ஆட, 2009ல் எமிரேட்ஸ் ஐஸ் ஹாக்கி லீக் வந்தது. சிங்கப்பூரில் 2012ல் ஜேக்யூப் மாலில் ஒலிம்பிக் அளவு ரிங்க் திறந்தார்கள். 2023ல் அந்த மாலே மூடப்பட்டபோது அங்கத்திய ஹாக்கிக்காரர்கள் எங்கே போவது என்று தவித்தார்கள். ரிங்க் போனால் ஆட்டம் போச்சு. அவ்வளவு நேரடியான உறவு.

இது ஆசிய அதிசயம் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் மைனர் லீக் என்று சொல்லப்படும் சின்ன லீக்குகள்தான் தெற்கே, வெயில் ஊர்களுக்கு, இந்த ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போயின. 1988ல் ஐந்தே அணிகளோடு ஆரம்பித்த ஈ.சி.எச்.எல். லீக் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கு. அதன் கெல்லி கோப்பையை 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தது ஃப்ளோரிடா எவர்பிளேட்ஸ். முதலையும் பனைமரமும் இருக்கிற ஊர். மேலே என்.எச்.எல்.லிலும் டாம்பா பே 2020, 2021. ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025. ஆட்டத்தின் தாய்வீடான கனடாவிலிருந்து ஒரு அணி ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது 1993ல், மான்ட்ரியல். அதற்குப் பிறகு 2025 வரை ஒன்று கூட இல்லை.

இதற்கு ஆட்டக்காரர் எந்த ஊரில் பிறந்தார், பணம் எங்கே இருக்கு என்று பல காரணங்கள் உண்டுதான். ஃப்ளோரிடா அணியிலும் நிறைய கனடாக்காரர்கள் ஆடுகிறார்கள். ஆனாலும் ஒன்று தெளிவு. ஐஸ் ஹாக்கி இப்போது குளிர்ப் பிரதேசத்து விளையாட்டு இல்லை. கம்ப்ரஸர் ஓடுகிற இடத்து விளையாட்டு.

டேராடூன்: நம்ம கையில் இருந்த ரிங்க்

இந்தியாவிடம் கம்ப்ரஸர் இல்லாமல் போகவில்லை. 2011 ஜனவரியில் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக டேராடூனில் முழு அளவு உள்ளரங்க ரிங்க் ஒன்று கட்டினார்கள். 2012 மார்ச்சில் இந்த சேலஞ்ச் கப்பே அங்கேதான் நடந்தது. ஆசியாவின் கடைசி பெஞ்ச் பூராவும் உத்தரகாண்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போனது. அதோடு ஒரு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும்.

பிறக்கவில்லை. ரிங்க்கை ஓட்டுகிற கரண்ட் செலவும் பராமரிப்பும் கட்டுப்படியாகவில்லை என்று மூடிக் கிடந்தது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, பத்து வருஷத்துக்கு மேல். லடாக் பையன் ஒருத்தன் பத்து வயதில் ஸ்கேட்ஸ் கட்ட ஆரம்பித்திருந்தால், அந்தக் கதவு திறப்பதற்குள் அவனுடைய முக்கியமான வளர்ச்சிக் காலமே முடிந்திருக்கும். அந்த வருஷங்களில் முறையான ஐஸ் வேண்டுமென்றால் குர்கான் மாலில் இருக்கும் சின்ன ரிங்க், இல்லாவிட்டால் வெளிநாடு. போகப் பணம்? பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டினார்கள். ஒரு தேசிய அணி, நாட்டுக்காக ஆட, உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது கொஞ்சம் கோபம் வரத்தான் செய்யுது.

பெண்கள் வந்தார்கள்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

பெண்களுக்கான சேலஞ்ச் கப் 2010ல் ஆரம்பித்தது. இந்தியப் பெண்கள் அணி முதல்முறை களமிறங்கியது 2016ல் தைபேயில். அத்தனை ஆட்டத்திலும் தோல்வி. எல்லாரும் லடாக் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில், மிஞ்சுகிற ஐஸில், அண்ணன் தம்பியின் கவசத்தைக் கடன் வாங்கிப் பழகியவர்கள். அணியின் கோலி நூர் ஜஹான் லேயில் பழைய சுவரோவியங்களைப் பாதுகாத்துச் சீரமைப்பவர். கோடையில் மடாலயச் சுவர்களில் உதிர்கிற வண்ணத்தை நிறுத்துவது, குளிர்காலத்தில் பக்கை நிறுத்துவது. ரெண்டுக்கும் பொறுமை வேணும்தானே.

ஒரே வருஷம். 2017 மார்ச், பாங்காக். அதே பெண்கள் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். இந்தியப் பெண்கள் அணியின் முதல் சர்வதேச வெற்றி. அதே போட்டியில் மலேசியாவையும் வென்றார்கள். தேசிய கீதம் ஒலிக்க அழுதுகொண்டு நிற்கிற அந்தக் காட்சியை இணையத்தில் தேடிப் பாருங்கள். கிரிக்கெட்டில் உலகக்கோப்பை ஜெயித்தபோதுகூட எனக்கு அப்படித் தொண்டை அடைக்கவில்லை.

அதற்கப்புறம் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. கனடாவின் நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற ஹேலி விக்கன்ஹைசர் 2018ல் லடாக்குக்கே வந்து பயிற்சி கொடுத்தார். 2019 அக்டோபர் 31ல் லடாக் யூனியன் பிரதேசமானது. 2020ல் ஆரம்பித்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஐஸ் ஹாக்கியும் உண்டு. 2024 ஜனவரியில் லேயில் ராயல் என்ஃபீல்டு பெயரில் உள்ளூர் லீக் ஒன்று தொடங்கியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அணிகள்.

சேலஞ்ச் கப் என்ற பழைய பெயர் இப்போது இல்லை. போட்டியின் வடிவமும் பெயரும் மாறிவிட்டன. அமீரகம், தாய்லாந்து எல்லாம் உலகச் சாம்பியன்ஷிப் ஏணியில் ஏறிப்போய்விட்டன. கடைசி பெஞ்ச் போட்டியின் வேலையே அதுதான். அடுத்த பெஞ்ச்சுக்கு அனுப்பிவைப்பது. 2025 மே 31 முதல் ஜூன் 6 வரை அமீரகத்தின் அல் ஐனில் பெண்களுக்கான ஆசியக் கோப்பை நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். ஐஸ் ஹாக்கியில் 2016ல் எல்லா ஆட்டத்தையும் தோற்ற அணி, 2025ல் பதக்க மேடையில். நம்ம பேப்பர்களில் இது எத்தனையாவது பக்கத்தில் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போ என்னதான் சொல்ல வர்றே?

இயற்கைப் பனியை நம்பி இந்த ஆட்டத்தை ஓட்டிய காலம் முடிந்துகொண்டு வருது. லடாக்கிலேயே ஐஸ் தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உருகுகிறது என்று ஆட்டக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். சிம்லா ரிங்க்கிலும் மேகத்தையும் வெயிலையும் பார்த்து நாள் எண்ண வேண்டியிருக்கு. ஏற்கெனவே ரெண்டு மாசம். அதிலும் பத்து நாள் குறைந்தால் எதைக் குறைப்பது? முதலில் குறைவது சின்னப் பசங்களின் நேரமும் பெண்களின் நேரமும்தான். பெரிய போட்டியை யாரும் ரத்து செய்ய மாட்டார்கள். கிராமத்துக் குளத்தில் நடக்கிற சின்னப் போட்டியைத்தான் விட்டுவிடுவார்கள். அடுத்த நூர் ஜஹான் வர வேண்டியது அந்தக் குளத்திலிருந்து.

டேராடூன் ரிங்க்கை 2025ல் சீர்செய்து "ஹிமாத்ரி" என்ற பெயரில் திரும்பத் திறந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட்டில் ஆசிய அளவிலான ஸ்கேட்டிங் போட்டியும் நடந்தது. சந்தோஷம். ஆனால் 2011லும் இப்படித்தான் சந்தோஷப்பட்டோம். ஒரு ரிங்க் உயிரோடு இருப்பதற்குத் திறப்பு விழாவும் ஆசியப் போட்டியும் போதாது. செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, யாரும் பார்க்காத ஆட்டம் ஒன்று அங்கே நடக்கணும். வாடகை கொடுத்து ஆடுகிற கத்துக்குட்டிகள் வேணும். வாராவாரம் புள்ளிப்பட்டியல் மாறுகிற ஒரு சின்ன லீக் வேணும். மணிலாவிலும் அபுதாபியிலும் ரிங்க்கைக் காப்பாற்றியது அதுதான்.

நம்ம பக்கத்து ஐஸ் கம்பெனி முதலாளியிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். மெஷின் வாங்குவது பெரிசில்லை, தினமும் ஐஸ் எடுக்க ஆள் வரணும்.

சிங்கப்பூர், துபாய், கோலாலம்பூர், டொராண்டோ பக்கம் இருக்கும் பதிவர்கள் ஒரு உதவி செய்யணும். உங்க ஊர் ரிங்க்கில் ராத்திரி நேரத்து லீக் எப்படி நடக்குது, யார் ஆடுறாங்க, ஒரு மணி நேரத்துக்கு என்ன வாடகை, செலவை எப்படிச் சமாளிக்கிறாங்க என்று நேரில் போய்ப் பார்த்து ஒரு பதிவு போடுங்க. டொராண்டோவில் நம்ம ஆட்களின் பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கே ஹாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதாகக் கேள்வி. அந்த அப்பா அம்மாக்களிடம் எழுத நிறைய இருக்கும்.

டிஸ்கி: ராமேஸ்வரத்தில் ஐஸ் ரிங்க் கட்டணும் என்று நான் கோரிக்கை வைக்கவில்லை. முதலில் மீனுக்கு ஐஸ் தட்டாமல் கிடைக்கட்டும் :-)